காந்தமும் கைக்கண்ணாடியும்

பாதுகாப்புப் பயிற்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது, மேசைமேல் கிடந்த எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை உங்களில் ஒருவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இன்ஜினியரிங் முடிச்சுட்டு வந்து இதையா சார் நடத்தணும்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் மரியாதை இருந்தது, கேள்வியில் இல்லை. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கும்போது வந்தது. ஆகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் என் மகளுடையது. அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் பழைய பேப்பர்காரரிடம் போக இருந்ததை நான் பிடுங்கிக்கொண்டு வந்தேன். படத்தில் இருக்கும் விஞ்ஞானிகளுக்கெல்லாம் அவள் மீசை வரைந்து வைத்திருப்பாள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் திருவள்ளூர்ப் பெருமாளுக்குத் தலைமுறையாகக் கைங்கரியம் செய்தவர்கள் உண்டு. நான் என் காலம் முழுக்க இந்த மீசைப் புத்தகத்துக்குக் கைங்கரியம் செய்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தொழிற்சாலைக்குள் நடக்கும் விபத்தில் பெரும்பாலானது எட்டாம் வகுப்புப் பாடத்துக்குள் அடங்கிவிடும். விசை, ஆற்றல், காந்தம், ஒளி. இந்த நான்கையும் நம் ஆட்கள் எப்போதோ பள்ளியில் படித்திருப்பார்கள், பரீட்சை முடிந்த மத்தியானமே மறந்திருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு புது அணிக்கும் ஹெல்மெட் கொடுப்பதற்கு முன்னால் அரை நாள் இந்தப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க வைத்தேன். பலருக்கு அது கேலியாக இருந்தது. மேலாளர்களுக்கு அது நேர விரயம். எனக்கு மட்டும் அது ஏன் பிடிவாதம் என்பதற்கு ஒரே ஒரு மத்தியானத்தைச் சொன்னால் போதும்.

நீங்கள் இன்னும் யார்டுப் பக்கம் அதிகம் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கும்மிடிப்பூண்டியில் எங்களைப் போன்ற உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வரும். உடைந்த கட்டில், நசுங்கிய பீரோ, கம்பி, குழாய், சைக்கிள் சக்கரம் எல்லாம் கலந்து வரும். மேலே கிரேன். அதில் சங்கிலி போட்டு ஒரு வட்டக் காந்தம் தொங்கும், கல்யாண வீட்டுத் தோசைக்கல்லைவிடப் பெரியது. கரண்ட் ஓடும்வரை அது காந்தம். நின்றால் வெறும் இரும்பு. பிடித்திருந்ததை எல்லாம் அப்படியே விட்டுவிடும். கரண்ட் திடீரென்று போனால் சரக்கு விழக்கூடாது என்பதற்காகத் தூண் ஓரத்தில் ஒரு பெட்டியில் பேட்டரி இருக்கும். போன நொடியே சைரன் அலறும். பேட்டரியில் ஓடுகிறேன், அதிக நேரம் தாங்கமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். ஆனால் கரண்ட் இல்லாமல் கிரேன் நகராது. சரக்கு எங்கே தொங்குகிறதோ அங்கேயே தொங்க வேண்டியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒருவர் இருந்தார். நெற்றியில் திருமண்ணைப் பார்த்து என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். பெயர் வேண்டாம், புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது. அவர் ஒருநாள் அந்தக் காந்தத்தைக் காட்டிச் சொன்னார்: "சாமி, இங்க எல்லா மெஷினும் நிறுத்துனா சாதுவாயிடும். இது ஒண்ணுதான் நிறுத்துனா கடிக்கும்." அப்போது நான் தலையாட்டினேன். அது எனக்குள் இறங்கியது நான் சொல்லப் போகும் இந்த நாளில்தான்.

அன்றைக்குப் புது ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு யார்டு ஓரத்துத் தகரக் கொட்டகையில் வகுப்பு. இரும்பு பிரிக்கும் வேலைக்கு வந்தவர்கள். எல்லாரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, எஸ்தர் என்ற பெண் மட்டும் என்னை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஊர். அப்பா அம்மா காலத்தில் நாற்று நட்ட குடும்பம், இவள் காலத்தில் கம்பெனி. விசை கொடுத்தும் பொருள் நகராவிட்டால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் என்று நான் சொன்னதும் கையைத் தூக்கினாள்.

"இன்னா சார் இது அநியாயம்? காலைலேர்ந்து ஒரு தூணைத் தள்ளிக்கினே கீறேன். அது நகரல. அப்ப எனுக்குக் கூலி கெடையாதா?"

"தூணைத் தள்ளச் சொல்லி உன்னை யாரும்மா வேலைக்கு எடுத்தாங்க?"

"அதில்ல சார், புக்கு எழுதுனவரு மூட்டை தூக்கியே இருக்கமாட்டாரு. அதான் சொல்றேன்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பது நல்லது, சிரித்தவர்களுக்குத்தான் பாடம் ஒட்டும். ஆற்றல் வந்தபோது, மேலே தூக்கி வைத்த எதுவும் சும்மா இல்லை, விழுவதற்குத் தயாராக இருக்கிறது என்றேன். அதை மட்டும் அவள் மறுக்கவில்லை. கடைசியில் ஒளி. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, வாசலில் விழும் வெயிலைப் பிடித்துச் சுவரில் அடிக்கச் சொன்னேன். மற்றவர்கள் சுவரில் அடித்தார்கள். எஸ்தர் என் வழுக்கையில் அடித்தாள்.

"விளையாட்டுக்கா கொடுத்தேன்? கண்ணாடியைக் கீழே வை" என்று சத்தம் போட்டேன். அவள் வைக்கவில்லை, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

யார்டில் கரண்ட் போனால் ஒரு வழக்கம் உண்டு. எல்லார் உடம்பும் தளர்ந்துவிடும். மெஷின் நின்றது, ஆபத்து நின்றது, டீ குடிக்கலாம் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் எங்கள் ஆட்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்தார்கள். காந்தத்தின் சைரன் அலறிக்கொண்டிருந்தது. யார்டில் இருந்தவர்களுக்கு அதுவும் பழகிய சத்தம்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்தர்தான் பார்த்தாள்.

"சார்! வண்டிக்குள்ள ஆளு கீறாரு சார்! தூங்கிக்கினு கீறாரு!"

முந்தின நாள் மழையில் வழக்கமான பாதையில் தண்ணீர் நின்றதால் அந்த லாரியைத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். அதனால் லாரியிலிருந்து எடுத்த சரக்கு குவியலுக்குப் போக வண்டியின் முன்பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சரக்கு இறங்கும்போது ஓட்டுநர் இறங்கி வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. இறங்கியிருப்பார் என்று நினைத்து, கிரேன் ஓட்டிய தனசேகர் காந்தத்தை நகர்த்தியிருக்கிறான். பாதி வழியில் கரண்ட் போய்விட்டது. உடைந்த இரும்பு ஒரு பெரிய கொத்தாக, சரியாக ஓட்டுநர் கேபினுக்கு மேலே தொங்கியது. கீழே கிஷ்டய்யா, ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஓட்டுநர், இருக்கையில் நீட்டிப் படுத்து, கதவோரம் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. புது பேட்டரியாக இருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன். அது பழையது, மாற்றக் கேட்டிருந்தோம், வரவில்லை.

எல்லாரும் கத்தினார்கள். சைரன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதே எனக்குக் கேட்கவில்லை. யாரோ கல்லை விட்டெறிந்தார்கள். டங் டங் என்று வண்டியில் பட்டது. கிஷ்டய்யா அசையவில்லை. ஏன் அசைவார்? பழைய இரும்பு ஏற்றி இறக்கும் லாரியில் வருஷக்கணக்காகத் தூங்குகிறவர். இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டால்தான் அவருக்கு வேலை நடக்கிறது என்று நிம்மதி. அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு.

அப்போதுதான் எலக்ட்ரீஷியன் குணா என் காதுக்குள் வாய் வைத்துக் கத்தினான்: "சார், இந்த சைரன நிறுத்துனாத்தான் நாம கத்துறது அந்தாளு காதுல வுழும். இருங்க, ஆஃப் பண்ணிட்டு வந்துர்றேன்!"

சொல்லிக்கொண்டே ஓடிவிட்டான். நல்ல பையன், கெட்டிக்காரன். எங்கள் ஆலையில் தூணுக்குத் தூண் மஞ்சள் பலகை மாட்டியிருக்கும்: சந்தேகமா, முதலில் சுவிட்சை ஆஃப் செய். அதைப் படித்து வளர்ந்தவன் அவன். மற்ற எந்த மெஷினாக இருந்தாலும் அவன் செய்யப் போனது சரி. ஆனால் அந்தப் பெட்டியில் சைரனுக்குத் தனி சுவிட்ச் கிடையாது. இருப்பது ஒரே கைப்பிடி. அதை இறக்கினால் சைரன் நிற்கும், கூடவே காந்தமும் நிற்கும்.

நான் ஓடினேன். என் உடம்புக்கு ஓட்டம் என்பதெல்லாம் கல்யாணத்தோடு முடிந்த சங்கதி, ஆனாலும் ஓடினேன். அவன் கை கைப்பிடியில் இருந்தது. அதன்மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். "இதை இறக்கினா மேலே இருக்கிறது கீழே வரும்டா!" என்று அவன் காதில் கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான், மேலே பார்த்தான், கையை எடுத்துக்கொண்டான். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அங்கிருந்து ஓடியிருப்பான். "இங்கேயே நில். மேனேஜரே வந்தாலும் தொட விடாதே" என்றேன். பெட்டிக்கு முதுகைக் கொடுத்துக் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி நின்றான். தப்புச் செய்யப் போனவனையே காவலுக்கு வைத்தால் அவனைவிட நல்ல காவலாள் கிடைக்கமாட்டான் என்பது அன்று நான் கற்றது.

திரும்பினால் எஸ்தர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்திருந்தாள். சரக்கு தொங்கும்போது யாரும் தாண்டக்கூடாத கோடு அது. ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வுடுங்க சார்! போய்த் தட்டி எழுப்பிட்டு ஓடியாந்துர்றேன்!"

"போகக் கூடாது."

"ஒரு ஆளு சாவறத நின்னு பாக்கச் சொல்றீங்களா? உங்க ஊட்டு ஆளா இருந்தா இப்டி நிப்பீங்களா?"

அவள் சொன்னது என் நெஞ்சில்தான் விழுந்தது. அவளை விட்டிருந்தால் அவள் போயிருப்பாள், எழுப்பியும் இருப்பாள். ஆனால் அவள் கேபின் கதவைப் பிடித்து ஏறுகிற நேரத்தில் பேட்டரி கைவிட்டால் ஒரு வீட்டுக்குப் பதில் இரண்டு வீட்டில் அழுகை. நம் தொழிலில் இதுதான் கடினமான இடம். மனசு போ என்று சொல்லும், நாம் போகாதே என்று சொல்ல வேண்டும். அதற்காக நம்மைக் கல்நெஞ்சன் என்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவள் திமிறியபோது முந்தானையிலிருந்து அந்தக் கண்ணாடி கீழே விழப் பார்த்தது. நான் பிடித்தேன்.

காது வேலைக்கு ஆகவில்லை, கண் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியை அவள் கையில் திணித்தேன். "என் மண்டையில அடிச்சியே, அதே மாதிரி அந்தாள் மூஞ்சியில அடி!"

அவள் உடனே புரிந்துகொண்டு கண்ணாடியைத் தூக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கொட்டகை நிழலில் நின்றுகொண்டிருந்தோம். பதற்றத்தில் இருவருக்கும் அது தெரியவில்லை. வெயில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அவளை இழுத்துக்கொண்டு கோட்டின் ஓரமாகவே வெயிலுக்குப் போனேன். இப்போது வெளிச்சம் பிறந்தது. லாரியின் நம்பர் பலகையில் விழுந்தது, வண்டியின் முன்கண்ணாடியில் ஏறியது, உள்ளே கிஷ்டய்யாவின் சட்டையில் தடுமாறி, தாடையில் ஊர்ந்து, கண்ணில் போய் நின்றது.

அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எஸ்தர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. "ஆட்டும்மா, ஒரே இடத்துல வைக்காதே, ஆட்டு!" என்றேன். அவள் வெளிச்சத்தைக் கேபினுக்குள் அப்படியும் இப்படியும் வீசினாள். கூரையில், கதவில், டாஷ்போர்டில் இருந்த பவானியம்மன் படத்தில், மறுபடி அவர் முகத்தில். சைரன் சத்தம் இறங்குவது போல எனக்குத் தோன்றியது. உண்மையா, பயமா, தெரியாது. தூரத்தில் குணா பேட்டரிப் பெட்டியில் இருந்த மீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

கிஷ்டய்யா எழுந்து உட்கார்ந்தார். பயந்து எழவில்லை, கோபத்தில் எழுந்தார். தூங்குகிறவன் முகத்தில் எவனோ கண்ணாடி அடித்து விளையாடுகிறான், அவனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்ற முகம். கதவைத் திறந்துகொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எங்கள் எல்லார் கையும் ஒரே பக்கமாக, வா வா என்று வீசியதைப் பார்த்தார். சந்தேகப்பட்டு மேலே பார்த்தார்.

அவர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு இரண்டும் அங்கேயே கிடந்தது.

கோட்டைத் தாண்டி வந்ததும் மூச்சு வாங்க, "இன்னா நைனா இது, இப்பிடியா எழுப்புவாங்க? கண்ணே போயிடுச்சு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். எஸ்தர் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அப்புறம் கரண்ட் வந்துவிட்டது. சரக்கு விழவில்லை. இதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பேட்டரி கடைசிவரை தாங்கியது. யாராவது ஓடிப்போய் எழுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எதுவுமே செய்யாமல் அவரைத் தூங்க விட்டிருந்தாலும்கூட அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாயந்திரம் மேலாளர் கேட்டார், "ஒண்ணும் நடக்கலைதானே சார்? அப்புறம் ஏன் ஊரைக் கூட்டினீங்க?" ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் நமக்கு வேலை. ஒன்றும் நடக்காவிட்டால் நமக்கு நன்றி சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. இதைத் தாங்க முடியாதவர்கள் இப்போதே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுவிடுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

ஆனால் என்ன நடந்திருக்கும் என்பதை ஒருவர் பார்த்தார். கரண்ட் வந்ததும் தனசேகர் கிரேனை நகர்த்திக் குவியலுக்கு மேலே கொண்டுபோய்க் காந்தத்தை நிறுத்தினான். இரும்பு மொத்தமும் ஒரே அடியாக இறங்கியது. நாங்கள் நின்ற தரை அதிர்ந்தது. எங்களுக்குத் தினமும் கேட்கும் சத்தம். கிஷ்டய்யாவும் தினமும் கேட்கும் சத்தம்தான், ஆனால் அன்றைக்குத்தான் கண் விழித்துக் கேட்டார். குவியலைப் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார். "பவானியம்மா" என்று சொல்லிவிட்டு எஸ்தருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் சண்டை போடவில்லை.

அந்த மாதமே சைரனுக்குத் தனி சுவிட்ச் வந்தது, புது பேட்டரி வந்தது, தூண் ஓரத்துப் பெட்டியில் மட்டும் மஞ்சள் பலகையைக் கழற்றிவிட்டு வேறு பலகை மாட்டினோம். அதில் என்ன எழுதலாம் என்று குணாவிடமே கேட்டேன். "இதைத் தொடாதே, மேலே பார்" என்று எழுதச் சொன்னான். இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. எஸ்தர் இப்போது யார்டு மேற்பார்வையாளர். புது ஆட்களுக்குக் காந்தப் பாடத்தை அவளே நடத்துகிறாள், தூணைத் தள்ளும் கதையை மட்டும் இன்னும் விடவில்லை. அவளிடம் கற்றுக்கொள்ளுங்கள். நிறையக் கேலி செய்வாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு நீங்கள் அந்தத் தகரக் கொட்டகையில் வகுப்பு நடத்தும்போது, கரும்பலகையில் திடீரென்று ஒரு வெளிச்சப் பொட்டு வந்து ஆடும். புத்தகத்தின் மேலும் ஆடும், உங்கள் முகத்திலும் அடிக்கும். புதிதாக வந்தவர் ஒருவர் யாரோ வம்பு செய்கிறார்கள் என்று வெளியே போய்ச் சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அது கிஷ்டய்யா. ஷேவிங் செய்துகொள்ள வண்டியில் வைத்திருக்கும் கண்ணாடி. முதலில் அவர் மட்டும் செய்தார், இப்போது ஊத்துக்கோட்டை வண்டிகள் எல்லாமே செய்கின்றன. தனசேகரும் அந்த வெளிச்சம் மேலே தன் கிரேன் கேபினில் ஒருமுறை பட்ட பிறகுதான் காந்தத்தை இறக்குகிறான். நான் வேலையில் இருந்த கடைசி நாள்வரை அது என் பலகைக்கு வந்தது, அதைவிடப் பெரிய பிரிவுபசாரம் எனக்கு யாரும் செய்யவில்லை.

ஆகவே கோபப்படாதீர்கள். பாடத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, வாசலுக்குப் போய்க் கையை ஆட்டுங்கள். அந்த வெளிச்சத்துக்கு ஒரே அர்த்தம்தான்: வண்டியை விட்டு இறங்கிவிட்டேன், வெளியே நிற்கிறேன்.